பூட் ஆகும்போது மவுண்ட் ஆகாத லினக்ஸ் ரெய்டு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பகமாக இயக்குவது ரெய்டு; அதை ஒரு கோப்புறையில் இணைத்துப் பயன்படுத்தத் தருவது மவுண்ட். அது நடக்காதபோது கணினி பாதி வழியில் நின்று எமர்ஜென்சி மோட் (பழுது நீக்குவதற்கான குறைந்தபட்ச நிலை) என்று காட்டுகிறது. அல்லது பூட் முழுதாக முடிந்துவிட்டது, ஆனால் தரவு இருக்க வேண்டிய கோப்புறை காலியாகக் கிடக்கிறது. இரண்டிலும் தரவு பெரும்பாலும் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும். டிஸ்க் பழுதில் தப்பிய தரவுகூடப் பதற்றத்தில் அடித்த ஒரே கட்டளையில் போய்விடும் என்பதால், முதலில் படிப்பது, பிறகு யோசிப்பது, கடைசியில்தான் எழுதுவது என்ற வரிசையில் இந்த வழிமுறை போகிறது.

கட்டளைகள், கோப்புப் பெயர்கள், பிழைச் செய்திகள் எல்லாம் இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் உள்ளன. திரையில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எம்டி0, எஸ்டிபி1 போன்றவை எடுத்துக்காட்டுப் பெயர்கள். உங்கள் கணினியில் வேறாக இருக்கும், மறுபூட்டில் மாறவும் செய்யும்.

காரணம் தெரியும்வரை மூன்றைத் தொடாதீர்கள். ஒன்று, எம்டிஏடிஎம் (லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் கட்டளை) --கிரியேட். இரண்டு, அதன் --ஜீரோ-சூப்பர்பிளாக் (சூப்பர்பிளாக் என்பது ஒவ்வொரு உறுப்பு டிஸ்க்கிலும் ரெய்டின் விவரங்கள் பதிந்திருக்கும் இடம்). மூன்று, -என் (திருத்தாமல் பார்க்க மட்டும்) இல்லாத எஃப்எஸ்சிகே, அதாவது கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை. முதல் இரண்டும் ரெய்டின் அடையாளத்தையே அழிக்கும். மூன்றாவது இன்னும் மோசம்: டிஸ்க்குகள் தவறான வரிசையில் சேர்ந்திருக்கும்போது அதை ஓட்டினால், நல்ல தரவைப் பிழை என்று எண்ணி அது திருத்திவிடும்.

எந்தப் படியில் நின்றது?

பூட் ஆகும்போது ஐந்து வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. கெர்னல் (லினக்ஸின் மையக் கரு) டிஸ்க்குகளைக் காண்கிறது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் உள்ள சூப்பர்பிளாக்கை யூடெவ் (டிவைஸ்கள் தோன்றுவதைக் கவனிக்கும் சேவை) அடையாளம் காண்கிறது. எம்டிஏடிஎம் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தொகுப்பைக் கட்டுகிறது. அதன்மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் அடுக்கு) அல்லது லக்ஸ் (குறியாக்க அடுக்கு) இருந்தால் அது திறக்கிறது. கடைசியாக, எதை எங்கே மவுண்ட் செய்வது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் சொன்னபடி மவுண்ட் நடக்கிறது. மவுண்ட் ஆகவில்லை என்ற ஒரே அறிகுறி இந்த ஐந்தில் எதிலிருந்தும் வரலாம். ஆகவே கீழிருந்து மேலாகப் பாருங்கள்:

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,எஃப்எஸ்டைப்,யுயுஐடி,சீரியல்
கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்
எம்டிஏடிஎம் --எக்ஸாமின் /டெவ்/எஸ்டிபி1
டிமெசேஜ் | கிரெப் -ஐ -ஈ எம்டி -ஈ ரெய்டு -ஈ ஏடிஏ
ஜர்னல்சிடிஎல் -பி

டிமெசேஜ் என்று இங்கே எழுதியிருப்பது டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளை. மூன்றாவது கட்டளையை ரெய்டின் ஒவ்வொரு உறுப்பின் மீதும் ஓட்டி, வெளிவந்ததை யுஎஸ்பி டிரைவில் ஒரு கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பின்னால் எல்லாம் கைமீறிப் போனாலும், உறுப்புகளின் வரிசை, சங்க் அளவு (ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதும் துண்டின் அளவு), டேட்டா ஆஃப்செட் (டிஸ்க்கில் தரவு தொடங்கும் இடம்) ஆகிய மூன்றும் அந்தக் கோப்பில் இருக்கும். தரவை மீட்க அவை இல்லாமல் முடியாது.

ரூட் கடவுச்சொல் இல்லாத கணினியில் எமர்ஜென்சி மோடே திறக்காது. ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தியோடு நிற்கும். அப்போது லைவ் யுஎஸ்பியில் பூட் செய்யுங்கள். லைவ் சூழல் ரெய்டைத் தானாகவே சேர்த்து வைத்திருக்கலாம் என்பதால் அங்கும் முதலில் எம்டிஸ்டாட்டை, அதாவது மேலே இரண்டாவது கட்டளை காட்டும் ரெய்டு நிலையைப் பாருங்கள்.

அறிகுறி 1: ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போகிறது, உள்ளே போய்ப் பார்த்தால் ரெய்டு நலமாக இருக்கிறது

எம்டிஸ்டாட்டில் ஆக்டிவ் என்றும், அடைப்புக்குறிக்குள் எல்லா இடத்திலும் யு என்றும் இருந்தால் ரெய்டில் குறையில்லை. தவறு எஃப்எஸ்டேப் வரியில். அந்த 90 விநாடி, சிஸ்டம்டி (பூட்டையும் சேவைகளையும் நடத்தும் நிரல்) ஒரு டிவைஸ் தோன்றும் என்று காத்திருக்கும் இயல்பான நேரம். அது தேடும் பெயரில் எதுவும் வரவில்லை.

அடிக்கடி நேரும் குழப்பம் இது: ரெய்டுக்கு ஒரு யுயுஐடி (தனித்த அடையாள எண்), அதன் மேலுள்ள கோப்பு முறைமைக்கு வேறொரு யுயுஐடி. எம்டிஏடிஎம் காட்டுவது எட்டெட்டு எழுத்தாக நான்கு தொகுதி, நடுவில் முக்காற்புள்ளி. பிஎல்கேஐடி காட்டும் கோப்பு முறைமை எண்ணில் இடையிடையே சிறுகோடு. எஃப்எஸ்டேப்பில் போக வேண்டியது சிறுகோடு உள்ளது:

பிஎல்கேஐடி /டெவ்/எம்டி0

கணினி பூட் ஆக அவசியமில்லாத தரவுத் தொகுப்பு என்றால், எஃப்எஸ்டேப்பின் நான்காம் பத்தியில் நோஃபெயில் சேர்த்துவிடுங்கள். ரெய்டு வராவிட்டாலும் கணினி பூட் ஆகும். தொலைவிலிருந்து உள்நுழைந்து சரிசெய்யலாம். இதற்கு ஒரு விலை உண்டு. மவுண்ட் ஆகாத காலியான கோப்புறைக்குள் மற்ற நிரல்கள் எழுதத் தொடங்கி, ரூட் டிஸ்க்கை நிரப்பிவிடும். மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் கோப்புறைக்கு சிஎச்ஏடிடிஆர் +ஐ கொடுத்து வைத்தால், ரெய்டு இல்லாதபோது அதற்குள் யாராலும் எழுத முடியாது.

அறிகுறி 2: எம்டி0 காணவில்லை, எம்டி127 வந்திருக்கிறது

ரெய்டை அடையாளம் காண எம்டிஏடிஎம் தன் அமைப்புக் கோப்பைப் பார்க்கிறது. டெபியன், உபுண்டுவில் அது /எட்சி/எம்டிஏடிஎம்/எம்டிஏடிஎம்.கான்ஃப், ரெட்ஹேட், ஃபெடோரா, ஆர்ச்சில் /எட்சி/எம்டிஏடிஎம்.கான்ஃப். அங்கே அந்தத் தொகுப்புக்கு வரி இல்லாமல், சூப்பர்பிளாக்கில் பதிந்துள்ள கணினிப் பெயரும் இப்போதைய பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், தொகுப்பை வேற்றுக் கணினியுடையது என்று எடுத்துக்கொள்ளும். அப்போது 127இலிருந்து கீழ்நோக்கி எண் கொடுக்கும். கணினியின் பெயரை மாற்றிய மறுநாள் இது முளைப்பது அதனால்தான்.

கோப்பில் வரி சரியாக இருந்தும் எம்டி127 வருகிறது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பூட்டின் தொடக்கத்தில் ரெய்டைச் சேர்ப்பது இனிட்ராம்எஃப்எஸ், அதாவது ரூட் கோப்பு முறைமை வருமுன் நினைவகத்தில் ஏறும் சிறு தற்காலிக அமைப்பு. அதற்குள் அமைப்புக் கோப்பின் தனி நகல் இருக்கிறது. வெளியே எத்தனை முறை திருத்தினாலும் உள்ளே இருப்பது பழையதுதான். சரியான வரிசை இது:

எம்டிஏடிஎம் --டீடெய்ல் --ஸ்கேன்

வரும் வரியை அமைப்புக் கோப்பில் ஒட்டுங்கள். அதே யுயுஐடி உள்ள பழைய வரியை நீக்குங்கள். பெயர்ப் பகுதியில் எம்டி127 என்று இருந்தால் எம்டி0 என்று மாற்றுங்கள். கூடவே, இந்த வெளியீட்டில் இன்ஆக்டிவ்-அரே என்று தொடங்கும் வரி இருந்தால் அதை ஒட்டக் கூடாது. அப்படி ஒரு சொல்லே அமைப்புக் கோப்பின் இலக்கணத்தில் இல்லை. முதலில் தொகுப்பை இயங்க வைத்துவிட்டுத்தான் வரியை எடுக்க வேண்டும்.

பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். டெபியன் வகையில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு, ட்ராகட் (இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் கருவி) உள்ள கணினிகளில் ட்ராகட் -எஃப், ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ -பி. ஆர்ச்சில் கடைசிக் கட்டளையின் பி பெரிய எழுத்து. அங்கே ஹூக்ஸ் வரியில் எம்டிஏடிஎம்_யூடெவ் இருக்கிறதா என்றும் பாருங்கள். லைவ் யுஎஸ்பியிலிருந்து செய்கிறீர்கள் என்றால், நிறுவப்பட்ட ரூட்டை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் --பைண்ட் முறையில் அதற்குள் இணைத்து, சிஎச்ரூட் செய்த (அந்த ரூட்டுக்குள் நுழைந்த) பிறகே இது வேலை செய்யும்.

எஃப்எஸ்டேப்பில் /டெவ்/எம்டி0 என்று எழுதாமல் கோப்பு முறைமையின் யுயுஐடியை எழுதியிருந்தால், எண் 0 ஆனாலும் 127 ஆனாலும் மவுண்ட் நடந்துவிடும்.

அறிகுறி 3: எம்டிஸ்டாட்டில் இன்ஆக்டிவ்; எல்லா டிஸ்க்குக்குப் பக்கத்திலும் (எஸ்)

(எஸ்) என்றால் ஸ்பேர், அதாவது மாற்று டிஸ்க். ஆனால் இன்ஆக்டிவ் தொகுப்பில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. எம்டிஏடிஎம் உறுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் இயக்கவில்லை, அவ்வளவுதான். டிஸ்க்குகள் எல்லாம் ஸ்பேராக மாறிவிட்டன என்று பயந்து புதிதாகக் கட்டத் தொடங்காதீர்கள்.

ஏன் இயக்கவில்லை? ஒரு டிஸ்க் பழுதாகி, அது ஏற்கெனவே சூப்பர்பிளாக்கில் பதிவாகியிருந்தால், அடுத்த பூட்டில் மீதமுள்ளவற்றை வைத்தே தொகுப்பு இயங்கும். நேற்றுவரை நன்றாக இருந்த டிஸ்க் இன்று வரவில்லை என்றால் நிலைமை வேறு: தாமதமாக வரலாம் என்று எம்டிஏடிஎம் காத்திருக்கும். சிஸ்டம்டி உள்ள கணினிகளில் எம்டிஏடிஎம்-லாஸ்ட்-ரிசார்ட் என்ற டைமர் 30 விநாடி கழித்து, குறைந்த உறுப்புகளோடு இயக்கிப் பார்க்கும். அந்த டைமர் இல்லாத சூழலிலும், இயக்கத் தேவையான எண்ணிக்கையே வராதபோதும் தொகுப்பு இன்ஆக்டிவாகவே நிற்கும்.

வராத டிஸ்க்கைத் தேடுங்கள். எல்எஸ்பிஎல்கே பட்டியலில் அதன் சீரியல் எண் இல்லையென்றால் பிரச்சினை ரெய்டில் இல்லை, கேபிளில், மின் இணைப்பில் அல்லது டிஸ்க்கில். கணினியை அணைத்து, டேட்டா கேபிளையும் மின் கேபிளையும் கழற்றி மாட்டி, இயன்றால் வேறு போர்ட்டில் வைத்துப் பாருங்கள். டிஸ்க் திரும்ப வந்தால், அது தன் நலம் பற்றித் தானே பதியும் ஸ்மார்ட் தகவலைப் படியுங்கள்:

ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிசி

பண்பு எண் 199 ஏறிக்கொண்டே போனால் கேபிள் அல்லது இணைப்பு. 5, 197, 198 ஆகியவற்றில் பூஜ்யம் அல்லாத எண் இருந்து, அது வளர்ந்தும் வந்தால் டிஸ்க்கின் பரப்பே போய்க்கொண்டிருக்கிறது. 199இன் எண் கேபிளை மாற்றிய பிறகும் குறையாது. மேற்கொண்டு ஏறுகிறதா என்பதே கணக்கு.

தொலைந்த டிஸ்க் இல்லாமலேயே இயக்கப் போதுமான உறுப்புகள் இருந்தால் (ரெய்டு 1இல் ஒன்று, ரெய்டு 5இல் மொத்தத்தில் ஒன்று குறைவாக, ரெய்டு 6இல் இரண்டு குறைவாக):

எம்டிஏடிஎம் --ரன் /டெவ்/எம்டி0

அது மறுத்தால், முதலில் நிறுத்திவிட்டுச் சேருங்கள்:

எம்டிஏடிஎம் --ஸ்டாப் /டெவ்/எம்டி0
எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ரன் --வெர்போஸ் /டெவ்/எம்டி0 /டெவ்/எஸ்டிஏ1 /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிடி1

நிறுத்தும் வரியை விட்டுவிட்டால் டிஸ்க்குகள் பிஸி என்ற செய்திதான் வரும். பாதி கட்டிய தொகுப்பு அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். --வெர்போஸ் மிக முக்கியம்: எந்த டிஸ்க்கை ஏன் தள்ளியது என்று அதுதான் வரிவரியாகச் சொல்லும்.

டிஸ்க்குகள் எல்லாம் நலம், ஆனால் பூட்டின்போது மட்டும் தாமதமாக வருகின்றன என்றால் (யுஎஸ்பி பெட்டிகள், ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கும் எஸ்ஏஎஸ் டிஸ்க்குகள்), கெர்னல் வரியில் (பூட்டின்போது கெர்னலுக்குக் கொடுக்கும் அளவுருக்களில்) ரூட்டிலே=15 போன்றதைச் சேர்த்துப் பாருங்கள்; ரூட், டிலே என்ற இரு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி இல்லாமல் தட்டுவது அது. அது ரூட் கோப்பு முறைமைக்குத்தான். மற்ற தொகுப்புகளுக்கு எஃப்எஸ்டேப்பில் எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட் மதிப்பைக் கூட்டலாம்.

அறிகுறி 4: டிஸ்க்குகள் எல்லாம் இருந்தும், தொகுப்பை இயக்கப் போதவில்லை என்கிறது, கெர்னல் பதிவில் கிக்கிங் நான்-ஃப்ரெஷ் என்ற வரி

இங்கேதான் தரவு பிழைப்பதும் போவதும் தீர்மானமாகும். நிதானமாக வாசியுங்கள்.

தொகுப்பில் எழுத்து நடக்கும்போதும் நிலை மாறும்போதும் ஒவ்வொரு உறுப்பின் சூப்பர்பிளாக்கிலும் ஈவன்ட்ஸ் என்ற எண் கூடிக்கொண்டே வரும். வழியில் விலகிய டிஸ்க்கின் எண் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பூட்டின்போது எண் பின்தங்கிய டிஸ்க்கைப் பழையது என்று கெர்னல் தள்ளுகிறது. அதுதான் அந்த வரியின் பொருள். எண்களை ஒப்பிடுங்கள்:

எம்டிஏடிஎம் --எக்ஸாமின் /டெவ்/எஸ்டி[ஏபிசிடி]1 | ஈகிரெப் 'டெவ்|ஈவன்ட்ஸ்|அப்டேட் டைம்|ரோல்|ஸ்டேட்'

நான்கு டிஸ்க் உள்ள ரெய்டு 5 என்று வைத்துக்கொள்வோம். ஏ, பி இரண்டிலும் 48213, சி-யில் 48190, டி-யில் 31007. டி எப்போதோ விலகியது. யாரும் கவனிக்காமல் தொகுப்பு மூன்று டிஸ்க்கோடு ஓடியிருக்கிறது. இப்போது சி-யும் விலகியதும் நின்றுவிட்டது. அப்டேட் டைம் வரிகளைப் பார்த்தால் இது தேதியோடு உறுதியாகும். சி-யின் வித்தியாசம் 23. அது விலகிய பின் எழுதப்பட்டது மிகச் சொற்பம் என்று கொள்ளலாம். டி-யின் வித்தியாசம் பதினேழாயிரத்துக்கு மேல்; அதில் இருப்பது பழங்காலத் தரவு. மீட்புக்கு ஏ, பி, சி மூன்றையும் எடுக்க வேண்டும், டி-யைச் சேர்க்கவே கூடாது. நான்கையும் சேர்த்து வலுக்கட்டாயமாக இயக்கினால் எதைத் தேர்வது என்ற முடிவை நிரலின் கையில் விடுகிறீர்கள். தேர்வு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

வலுக்கட்டாயமாகச் சேர்ப்பது சூப்பர்பிளாக்கில் எழுதும். ஆகவே, தரவுக்கு வேறு நகல் இல்லையென்றால் முதலில் மேலடுக்கு போட்டு ஒத்திகை பாருங்கள். எழுத்து எல்லாம் தனிக் கோப்புக்குப் போகும், டிஸ்க் தொடப்படாது. ஒவ்வொரு உறுப்புக்கும்:

ட்ரங்கேட் -எஸ் 20ஜி /எம்என்டி/வேறு/எஸ்டிஏ1.மேலடுக்கு
லோசெட்அப் -எஃப் --ஷோ /எம்என்டி/வேறு/எஸ்டிஏ1.மேலடுக்கு
பிளாக்டெவ் --கெட்எஸ்இசட் /டெவ்/எஸ்டிஏ1
டிஎம்செட்அப் கிரியேட் மேல்ஏ --டேபிள் "0 செக்டர்எண் ஸ்னாப்ஷாட் /டெவ்/எஸ்டிஏ1 /டெவ்/லூப்0 பி 8"

மூன்றாவது கட்டளை தரும் எண்ணை நான்காவதில் செக்டர்எண் என்ற இடத்தில் போடுங்கள். அங்கே உள்ள பி பெரிய எழுத்து. மேலடுக்குக் கோப்பு ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமையில் இருக்க வேண்டும். ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு இருக்க முடியாது. உண்மையில் எழுதிய அளவுக்கு மட்டும் இடம் பிடிக்கும் வசதியும் அதில் இல்லை. உருவாக்கியதும் எம்டிஸ்டாட்டை மறுபடி பாருங்கள். புதிய டிவைஸ்களை யூடெவ் தானே சேர்த்திருந்தால் --ஸ்டாப் செய்யுங்கள். பிறகு:

எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ஃபோர்ஸ் --வெர்போஸ் /டெவ்/எம்டி0 /டெவ்/மேப்பர்/மேல்ஏ /டெவ்/மேப்பர்/மேல்பி /டெவ்/மேப்பர்/மேல்சி
எஃப்எஸ்சிகே -என் /டெவ்/எம்டி0
மவுண்ட் -ஓ ஆர்ஓ,நோலோட் /டெவ்/எம்டி0 /எம்என்டி/சோதனை

நோலோட் ஈஎக்ஸ்டி4க்கு. எக்ஸ்எஃப்எஸ் என்றால் எஃப்எஸ்சிகே வரிக்குப் பதில் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் -என்; மவுண்ட் வரியில் ஆர்ஓ,நோரிகவரி. சில பெரிய கோப்புகளைத் திறந்து பாருங்கள். கோப்புறைப் பெயர்கள் மட்டும் தெரிவது போதாது. டிஸ்க் வரிசை தவறினாலும் சிறு கோப்புகள் சரியாகத் தெரியும், சங்க் அளவைவிடப் பெரிய கோப்புகள்தான் உடைந்து காட்டும். எல்லாம் சரியென்றால் எம்டி0-ஐ நிறுத்தி, மேலடுக்குகளைக் கலைத்து, அதே கட்டளையை உண்மையான பார்டிஷன்களில் ஓட்டுங்கள்.

தரவை வேறிடத்துக்கு நகலெடுங்கள். அதன் பிறகுதான் டி. அதன் ஸ்மார்ட் நிலை நன்றாக இருந்தால் சூப்பர்பிளாக்கை அழித்துவிட்டு --ஆட் மூலம் புதிய டிஸ்க்காகச் சேர்க்கலாம். ரீபில்ட் (புதிதாகச் சேர்த்த டிஸ்க்கில் தரவை மறுபடி எழுதுவது) ஓடும்போது மற்ற மூன்று டிஸ்க்குகளும் முழுவதும் படிக்கப்படும். அதற்கு முன் நகல் இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். சி ஏற்கெனவே ஒருமுறை விலகிய டிஸ்க்.

விலகிய டிஸ்க்கில் ஸ்மார்ட் பிழையே இல்லை என்றால், பழி டைம்அவுட் மேல் இருக்கலாம். படிக்க முடியாத செக்டரை மேசைக்கணினி டிஸ்க்குகள் சில நிமிடம்வரை விடாமல் முயலும். கெர்னல் 30 விநாடியில் பொறுமை இழந்து இணைப்பை ரீசெட் செய்யும். எம்டி அந்த டிஸ்க்கைத் தள்ளிவிடும். டிஸ்க்கை 7 விநாடியில் கைவிடச் சொல்லுங்கள்:

ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஇஆர்சி,70,70 /டெவ்/எஸ்டிசி

டிஸ்க் இதை ஏற்காவிட்டால், கெர்னலின் பொறுமையைக் கூட்டுங்கள்:

எக்கோ 180 > /சிஸ்/பிளாக்/எஸ்டிசி/டிவைஸ்/டைம்அவுட்

இரண்டும் மறுபூட்டில் நிலைக்கும் என்று நம்பாதீர்கள். யூடெவ் விதியிலோ பூட்டில் ஓடும் சிறு ஸ்கிரிப்டிலோ வையுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு செய்தி: டர்ட்டி டிகிரேடட் தொகுப்பைத் தொடங்க முடியாது என்பது. ரெய்டு 5, 6இல் உறுப்பு குறைந்த நிலையில் மின்சாரம் போயிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த வரிசையில் பேரிட்டி (இழந்த தரவைக் கணக்கிட உதவும் மதிப்பு) தரவோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதனால் தானாகத் தொடங்கக் கெர்னல் மறுக்கிறது. --அசெம்பிள் --ஃபோர்ஸ் இதையும் கடக்கும். மின்சாரம் போன கணத்தில் எழுதப்பட்ட கோப்புகளைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: சூப்பர்பிளாக் இல்லை என்கிறது

டிஸ்க் தெரிகிறது, அளவும் சரி, ஆனால் --எக்ஸாமின் எதையும் காணவில்லை. முதலில் தட்டிய பெயரைச் சரிபாருங்கள். உறுப்பு எஸ்டிபி1ஆக இருக்க, எஸ்டிபி மீது தேடினால் கிடைக்காது. அதுவும் சரியென்றால்:

வைப்எஃப்எஸ் /டெவ்/எஸ்டிபி

-ஏ சேர்க்காமல் ஓட்டினால் இது எதையும் அழிக்காது, இருக்கும் முத்திரைகளை மட்டும் பட்டியலிடும். உறுப்பு முழு டிஸ்க்காக இருந்து, பட்டியலில் ஜிபிடி (பார்டிஷன் அட்டவணை) மட்டும் தெரிந்தால் காரணம் பிடிபட்டது. இப்போதைய இயல்பு வடிவமான 1.2இல் சூப்பர்பிளாக், டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி இருக்கிறது. 512 பைட் செக்டர் டிஸ்க்கில் ஜிபிடி அட்டவணை முதல் 34 செக்டர்களை, அதாவது 17 கேபியை எடுத்துக்கொள்ளும். முன்பு ஜிபிடி போட்டிருந்த டிஸ்க்கை முழுதாக ரெய்டில் சேர்த்திருந்தால், அதன் கடைசியில் ஜிபிடியின் பழைய மாற்று நகல் தங்கியிருக்கும். சில மதர்போர்டுகளின் ஃபர்ம்வேர் அதைப் பார்த்து, முதன்மை ஜிபிடி கெட்டுவிட்டது என்று எண்ணித் தொடக்கத்தில் திரும்ப எழுதிவிடும். சூப்பர்பிளாக் அதனடியில் போய்விடும்.

ஒரே டிஸ்க்குக்கு இப்படி நடந்து, மற்றவை போதுமான எண்ணிக்கையில் இருந்தால் வேலை எளிது. மற்றவற்றை வைத்துத் தொகுப்பை இயக்கி, தரவை நகலெடுத்து, கெட்ட டிஸ்க்கில் எஸ்ஜிடிஸ்க் --ஜாப்-ஆல் ஓட்டி இரு ஜிபிடி நகலையும் நீக்கி, --ஆட் செய்யுங்கள். மாற்று நகலை விட்டுவைத்தால் அடுத்த பூட்டில் இதே கதை.

எல்லா டிஸ்க்கிலும் போயிருந்தால் மட்டுமே --கிரியேட் --அஸ்யூம்-கிளீன் என்ற கடைசி வழி. அதுவும் மேலடுக்குகளின் மீது. ரெய்டு நிலை, உறுப்புகளின் வரிசை, சங்க் அளவு, லேஅவுட் (தரவு டிஸ்க்குகளில் பரவும் முறை), மெட்டாடேட்டா வடிவம் (சூப்பர்பிளாக்கின் பதிப்பு), டேட்டா ஆஃப்செட் என அனைத்தும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். இயல்பு மதிப்புகளை நம்பாதீர்கள். எம்டிஏடிஎம் பதிப்புக்குப் பதிப்பு அவை மாறியிருக்கின்றன: சங்க் முன்பு 64 கேபி, பின்னர் 512 கேபி, டேட்டா ஆஃப்செட் 2048 செக்டராக இருந்த காலமும் உண்டு, 262144 செக்டர் வரும் பதிப்பும் உண்டு. முதலில் சேமிக்கச் சொன்ன கோப்பு இங்கேதான் கைகொடுக்கும்.

அறிகுறி 6: டிவைஸ் பிஸி என்று சொல்லிச் சேர்க்க மறுக்கிறது

யாரோ முந்திக்கொண்டு டிஸ்க்கைப் பிடித்திருக்கிறார்கள். எல்எஸ்பிஎல்கே மரத்தில் அந்த டிஸ்க்குக்குக் கீழே என்ன தொங்குகிறது என்று பாருங்கள். எம்டி127 இன்ஆக்டிவாக இருந்தால் --ஸ்டாப். எம்பாத் என்று தெரிந்தால் மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்கான பல இணைப்பு வழிகளை நிர்வகிக்கும்) சேவை அதை எடுத்திருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் அந்த டிஸ்க்கை விலக்குங்கள். மதர்போர்டின் பயாஸ் ரெய்டு வசதியோடு முன்பு ஓடிய டிஸ்க் என்றால் டிஎம்ரெய்டு பிடித்திருக்கும். கெர்னல் வரியில் நோடிஎம்ரெய்டு சேர்த்துப் பூட் செய்து பாருங்கள்.

நான்காவது காரணம் கொஞ்சம் ஆபத்தானது. மெட்டாடேட்டா 0.90, 1.0 இரண்டும் சூப்பர்பிளாக்கை டிஸ்க்கின் கடைசியில் வைப்பவை. அப்படிப்பட்ட ரெய்டு 1இல் ஒவ்வொரு உறுப்பும் வெளிப்பார்வைக்குத் தனிக் கோப்பு முறைமை போலவே இருக்கும். ரெய்டு சேராத பூட்டில், யுயுஐடி பொருந்துகிறது என்று ஒரு உறுப்பே நேரடியாக மவுண்ட் ஆகிவிடக்கூடும். எல்லாம் சரியாக ஓடுவது போலத் தோன்றும். ஆனால் எழுத்து ஒரு டிஸ்க்கில் மட்டும் விழுந்துகொண்டிருக்கும், சூப்பர்பிளாக்கில் அதன் தடயமே இருக்காது. ஃபைண்ட்எம்என்டி கட்டளையில் எம்டி0க்குப் பதில் எஸ்டிஏ1 தெரிந்தால், உடனே அன்மவுண்ட் செய்து, மவுண்ட் ஆன டிஸ்க்கை மட்டும் வைத்து --ரன் கொடுத்துத் தொகுப்பை இயக்கி, மற்றதன் சூப்பர்பிளாக்கை அழித்துப் புதிதாகச் சேர்த்து ரீபில்ட் செய்யுங்கள். இரண்டையும் அப்படியே சேர்த்தால், வேறுபட்ட இரண்டு நகல்களை ஒன்று என்று எம்டி நம்பிவிடும்.

அறிகுறி 7: கெர்னலை மேம்படுத்திய பிறகு வரவில்லை

எம்டிஸ்டாட்டின் முதல் வரி பர்சனாலிட்டீஸ். அதில் ரெய்டு நிலையின் பெயர் இல்லையென்றால் அதற்கான மாட்யூல் ஏறவில்லை. ரெய்டு 4, 5, 6 மூன்றுக்கும் மாட்ப்ரோப் ரெய்டு456. கையால் ஏற்றினால் வேலை செய்கிறது, பூட்டில் செய்யவில்லை என்றால் மறுபடி இனிட்ராம்எஃப்எஸ் விஷயம்தான், புதுப்பியுங்கள். ட்ராகட் உள்ள கணினிகளில் கெர்னல் வரியையும் பாருங்கள். ஆர்டி.எம்டி=0 இருந்தால் ரெய்டைத் தேடவே வேண்டாம் என்று பொருள். ஆர்டி.எம்டி.யுயுஐடி= இருந்தால் அங்கே பெயர் சொன்ன தொகுப்பு மட்டுமே சேரும்.

வெவ்வேறு அளவு டிஸ்க்குகளைக் கொண்ட ரெய்டு 0 என்றால் தனிக் காரணம் உண்டு. கெர்னல் 3.14இல் இத்தகைய தொகுப்புகளின் தரவு அமைப்பு தவறுதலாக மாறிவிட்டது. எந்த அமைப்பில் எழுதப்பட்டது என்று தெரியாமல் சேர்த்தால் தரவு கெடும் என்பதால், 5.4 முதல் கெர்னல் சேர்க்க மறுத்து, டிஃபால்ட்_லேஅவுட் கேட்கிறது. 3.14க்கு முந்தைய கெர்னலில் எழுதியது என்றால் கெர்னல் வரியில் ரெய்டு0.டிஃபால்ட்_லேஅவுட்=1; 3.14 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் 2. இரண்டு காலத்திலும் எழுதப்பட்டிருந்தால் ஒவ்வொன்றையும் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, எது எதில் சரியாகத் தெரிகிறது என்று நகலெடுப்பதே வழி.

அறிகுறி 8: ரெய்டு இயங்குகிறது, மவுண்ட் மட்டும் தவறான கோப்பு முறைமை என்கிறது

பிஎல்கேஐடி என்ன சொல்கிறது என்று பாருங்கள். எல்விஎம்2_மெம்பர் என்றால் விஜிசேஞ்ச் -ஏஒய் கொடுத்து லாஜிக்கல் வால்யூமை மவுண்ட் செய்யுங்கள். கிரிப்டோ_லக்ஸ் என்றால் முதலில் கிரிப்ட்செட்அப் ஓப்பன். எம்டி0பி1 என்ற பார்டிஷன் உள்ளே இருந்தால் மவுண்ட் ஆக வேண்டியது அதுதான்.

ஈஎக்ஸ்டி4 தெரிந்தும், பிளாக் எண்ணிக்கை டிவைஸ் அளவை மீறுகிறது என்று கெர்னல் பதிவில் இருந்தால், அங்கேயே கையை எடுங்கள். ஏற்கெனவே தரவு இருந்த பார்டிஷன் மீது ரெய்டு உருவாக்கப்பட்டிருக்கிறது, அல்லது தவறான டேட்டா ஆஃப்செட்டோடு மறு உருவாக்கம் நடந்திருக்கிறது. எஃப்எஸ்சிகே இதைச் சரிசெய்யாது. மேலடுக்கு போட்டுச் சரியான ஆஃப்செட்டைத் தேடுங்கள்.

எம்டிஸ்டாட்டில் ஆட்டோ-ரீட்-ஒன்லி, ரீசிங்க்=பெண்டிங் என்று தெரிவது பழுதல்ல. முதல் எழுத்து விழுந்ததும் தானே மாறிவிடும்.

அறிகுறி 9: கிரப் நிலையிலேயே நிற்கிறது

எம்டியுயுஐடி என்று தொடங்கும் டிஸ்க்கைக் காணவில்லை என்று கிரப் (கெர்னலை ஏற்றும் பூட் நிரல்) சொன்னால், கெர்னலே இன்னும் ஏறவில்லை; எம்டிஏடிஎம் பேச்சுக்கே இடமில்லை. பழைய பயாஸ் முறையில், பழுதான டிஸ்க்கில் மட்டும் கிரப் இருந்திருக்கும், அல்லது மாற்றிய புதிய டிஸ்க்கில் நிறுவ மறந்திருப்பார்கள். லைவ் யுஎஸ்பியிலிருந்து சிஎச்ரூட் செய்து, ரெய்டு 1இன் ஒவ்வொரு டிஸ்க்கிலும் (பார்டிஷனில் அல்ல) கிரப்-இன்ஸ்டால் ஓட்டுங்கள். யூஈஎஃப்ஐ முறையில் இஎஃப்ஐ பார்டிஷனை ரெய்டு 1ஆக வைத்திருந்தால் மெட்டாடேட்டா 1.0 வேண்டும். 1.2 என்றால் பார்டிஷன் தொடங்கும் இடத்திலேயே ஃபேட் கோப்பு முறைமை இருக்காது, ஃபர்ம்வேருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

மறுபூட்டுக்கு முன்

எம்டிஏடிஎம் --டீடெய்ல் /டெவ்/எம்டி0 காட்டும் யுயுஐடியும், அமைப்புக் கோப்பில் உள்ளதும், இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். டெபியன் வகையில் அன்எம்கேஇனிட்ராம்எஃப்எஸ் உள்ளடக்கத்தை ஒரு கோப்புறையில் பிரித்துத் தரும், ட்ராகட்டில் எல்எஸ்இனிட்ஆர்டி காட்டும். எஃப்எஸ்டேப்பைத் திருத்தியிருந்தால் ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை ஓட்டி, மவுண்ட் -ஏ கொடுத்துப் பாருங்கள். மறுபூட்டில் தெரியவிருக்கும் தவறு இப்போதே தெரிந்துவிடும். ரீபில்ட் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை மறுபூட்டைத் தள்ளிப்போடுங்கள். இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது உண்மைதான், ஆனால் இன்னொரு டிஸ்க்கும் தாமதமாக வரும் வாய்ப்பை ஏன் இந்த நேரத்தில் கொடுக்க வேண்டும்?

முன் சொன்ன டி டிஸ்க் விலகியது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், எச்சரிக்கை அஞ்சல் போய்ச் சேராததுதான். அமைப்புக் கோப்பில் மெயில்ஏடிடிஆர் வரியை எழுதிவிட்டு, அது உண்மையில் வந்து சேர்கிறதா என்று சோதியுங்கள்:

எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --ஒன்ஷாட் --டெஸ்ட்

இயங்கும் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு சோதனை அஞ்சல் வர வேண்டும். வரவில்லை என்றால் கணினியின் அஞ்சல் அமைப்பைச் சரிசெய்துவிட்டு, வரும்வரை இதே கட்டளையை ஓட்டுங்கள்.